வாவல் மீனால் கலைந்த சபை

எங்கள் குவைத்தில் சபைச் சரித்திரக்காரர் என்று ஒரு இனம் உண்டு. பார்த்தவுடன் அடையாளம் தெரியாது. எல்லோரையும் போல வெள்ளை அங்கி, எல்லோரையும் போல தலைத்துணி, மேலே கறுப்பு வளையம், விரலில் உருளும் தஸ்பீஹ் மணி. சந்தேகம் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்குத் தூசி கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?" என்று ஒரே ஒரு வார்த்தை விட்டுப் பாருங்கள்.

"இது தூசியா? எழுவத்தாறுல சபையைக் கலைச்சாங்களே, அன்னிக்கு அடிச்சுது பாரு, அதுக்குப் பேரு தூசி" என்பார்.

தீர்ந்தது. நீங்கள் அகப்பட்டுக்கொண்டீர்கள். இனி அவர் அறுபத்திரண்டில் அரசியல் சட்டம் எழுதியதில் ஆரம்பித்து, அறுபத்துமூன்றில் முதல் தேசிய சபை கூடியதற்கு வந்து, அப்போது பத்துத் தொகுதி தொகுதிக்கு ஐந்து பேர் என்று விரல் மடக்கி, எழுபத்தாறில் கலைந்ததற்கு ஒரு பெருமூச்சும் எண்பத்தாறில் கலைந்ததற்கு இரண்டு பெருமூச்சும் விட்டு, நடுவில் இருபத்தைந்து தொகுதி தொகுதிக்கு இரண்டு பேர் ஆனதையும், பிற்பாடு ஐந்து தொகுதி தொகுதிக்குப் பத்துப் பேர் ஆனதையும் சொல்லி முடித்து, உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிப் பிரிச்சாலும் அம்பது! கவனிச்சியா? அம்பது!" என்று, ஏதோ அந்தப் பெருக்கல் கணக்கைத் தானே ராத்திரி கண் விழித்துக் கண்டுபிடித்த மாதிரி பூரிப்பார். அதற்குள் உங்கள் தேநீர் ஆறியிருக்கும். காரை வைத்த இடம் மறந்திருக்கும்.

இந்த இனத்தில் நான் நெருங்கிப் பழகிய உருப்படி ஒன்று உண்டு. பெயர் அபூ ஷம்லான். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். வீட்டின் முன்பக்கம் அவருக்கு ஒரு திவானியா. நீளக் கூடம், மூன்று சுவரையும் ஒட்டிப் போட்ட மெத்தைகள், நடுவில் கம்பளம். வியாழன் தோறும் அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்ததும் பதினெட்டுப் பேர் அங்கே கூடுவோம். மற்ற திவானியாக்களில் சீட்டாடுவார்கள், பந்தாட்டம் பார்ப்பார்கள், ஊர் வம்பு பேசுவார்கள். அபூ ஷம்லான் சபை நடத்துவார்.

ஆமாம், சபைதான். கடற்கரையில், கூடாரத் துணி தொய்ந்த மாதிரிக் கூரை போட்டு வெள்ளையாக ஒரு கட்டடம் நிற்கிறதே, அங்கே என்னென்ன நடக்குமோ அத்தனையும் இங்கேயும் நடந்தாக வேண்டும். பேச நினைப்பவர் கை தூக்க வேண்டும். பேரீச்சம்பழத் தட்டு எந்தப் பக்கத்திலிருந்து சுற்றுவது என்பதற்கு ஓட்டெடுப்பு. அவருடைய மூன்று மருமகன்களும் மந்திரிகள். அங்கே மந்திரிகள் பதவியின் பேரிலேயே சபையில் உட்கார்ந்து ஓட்டுப் போடலாம் அல்லவா? இவர்களும் மாமனார் கையைத் தூக்கும்போதெல்லாம் தூக்கினார்கள். அவர் சொறிந்துகொள்ளத் தூக்கியபோதும் தூக்கினார்கள். அதனால்தான் ஒரு தடவை ஜன்னலை மூடுவது என்ற தீர்மானம், யாரும் கொண்டுவராமலேயே நிறைவேறிவிட்டது.

அவர் அங்கிப் பையில் அரசியல் சட்டம், நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம், எப்போதும் இருக்கும். தேநீர்க் கறை படியாத பக்கம் அதில் கிடையாது. அதை அவர் திறந்து பார்த்து நான் கண்டதில்லை. தட்டிக் காட்டுவார், அவ்வளவுதான்.

இவர் ஏன் தேர்தலில் நிற்கவில்லை என்று கேட்கிறீர்களா? மெதுவாகக் கேளுங்கள், காதில் விழுந்துவிடும். நின்றார். ஆளுக்கு நாலு ஓட்டு இருந்த காலம் அது. கூடாரம் போட்டு ஆட்டுக்கறிச் சோறு போட்டார், அறுநூறு பேர் வந்து விரல் வரைக்கும் நக்கிவிட்டுப் போனார்கள். விழுந்த ஓட்டு நாற்பத்துமூன்று. அவருடைய சொந்தக் குடும்பத்திலேயே எழுபது ஓட்டு. அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்திலும் பெருநாளிலும் பந்தியை நோட்டம் விட்டு, "இவனா? இவளா?" என்று முகம் முகமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். யாரைக் கேட்டாலும் குர்ஆன் மேல் கை வைக்கத் தயாராக இருக்கிறார்கள்.

வெளியே ஐம்பதில் ஒருவராக முடியவில்லை, சரி. அதனால் அவருக்கு உலகத்தில் மிஞ்சிய ஆசை ஒன்றே ஒன்று: வியாழக்கிழமை அந்தக் கூடம் நிறைய வேண்டும். ஒரு மெத்தை காலியாக இருந்தால்கூட அன்றைக்கு மனிதருக்குச் சோறு இறங்காது. இது எனக்குத் தெரியும். இருந்தும் நான் செய்ததைக் கேளுங்கள்.

எங்கள் வியாழக்கிழமைக்கு உயிர்நாடி, சுபைதி என்று நாங்கள் சொல்லும் வெள்ளை வாவல் மீன். எங்கள் கடலில் பிடித்தது. அதைத்தான் தின்போம். வேறு கடலில் பிடித்ததை வாவல் என்று ஒப்புக்கொள்வோமே தவிர, சுபைதி என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். சுபைதியை ஏலத்தில் எடுத்து வருவது அபூ ஷம்லானின் தனி உரிமை. சபைத் தலைவர், பிரதம மந்திரி, மீன் மந்திரி எல்லாமே அவர்தான்.

டிசம்பர் மாதம் ஒரு வியாழன். வறுத்த மீன் சோற்று மலையின் மேல் படுத்துக்கொண்டு வந்தது. ஹமூத் ஒரு வாய் எடுத்து வைத்தான். ஹமூத் யார் என்றால், அபூ ஷம்லானின் மனைவி சபீக்காவுக்குத் தம்பி. சொந்தப் படகு வைத்திருப்பவன், மீனை மோந்தே அதன் பூர்வீகம் சொல்பவன். வைத்த வாயை மெல்லாமல் நிறுத்தினான்.

"மச்சான், இது எங்க வாங்கினது?"

"எங்க வாங்குவாங்க? விடிகாலை ஏலத்துல. துடிச்சுக்கிட்டு இருந்துது."

"குளிர்ல துடிச்சிருக்கும். இது பெட்டியில ஐஸோட கப்பலேறி வந்த மீனு மச்சான். நம்ம ஊரு மீனே இல்ல."

மருமகன்கள் மூவரும் மீனைப் பார்க்காமல் சோற்றைப் பார்த்தார்கள். நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "தூங்கிட்டேன்பா, ஏலம் முடிஞ்சுபோச்சு, கடையில கிடைச்சதை வாங்கினேன்" என்று சிரித்துவிட்டு அடுத்த கவளம் எடுத்திருப்போம். சபைச் சரித்திரக்காரருக்கு அது வராது. அவர் எழுந்து நின்று நீலப் புத்தகத்தைத் தட்டினார்.

"ஒரு மந்திரிகிட்ட விளக்கம் கேக்கணும்னா முறை இருக்கு ஹமூத். நூறாவது விதி. எழுத்துல நோட்டீஸ் கொடு. எட்டு நாள் கழிச்சுத்தான் விவாதம்."

ஹமூத் அங்கேயே எழுதினான். மீன் எண்ணெய் படிந்த காகித நாப்கினில், "சுபைதி எங்கே பிடித்தது?" என்று ஒற்றை வரி. எட்டு நாள் என்றால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சபை கிடையாது. அதனால் விவாதம் பதினான்கு நாள் தள்ளிப்போனது. சட்டம் தெரிந்தவனுக்குக் காலண்டர் அடிமை என்று மனிதர் மீசையைத் தடவிக்கொண்டார்.

பதினான்காம் நாள் இரண்டு மணி நேரம் பதில் சொன்னார். முத்துக்குளித்த காலத்து முன்னோர்களைப் பற்றிச் சொன்னார். சபையின் வரலாற்றில் எந்தெந்த மந்திரிகள் எப்படியெப்படிக் கேள்விக்கு ஆளானார்கள் என்று சொன்னார். தண்ணீர் குடித்தார். மறுபடி எழுபத்தாறைச் சொன்னார். மீனைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார்.

"மச்சான், மீனு?" என்றான் ஹமூத்.

"அதுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்."

"ரெண்டு மணி நேரமா வந்துக்கிட்டே இருக்கீங்க. கப்பல்ல வந்த மீனு கூட இதைவிடச் சீக்கிரமா வந்திருக்கும்."

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் எழுந்தது. அதற்குப் பத்துக் கையெழுத்து வேண்டும், விதி அப்படி. ஒன்பது சேர்ந்தது. பத்தாவது கையெழுத்து என்னுடையது. வெட்கப்படவில்லை. முப்பது வருடச் சிநேகிதம்தான், ஆனாலும் சுபைதி விஷயத்தில் சிநேகிதம் பார்க்க முடியுமா?

அங்கேதான் அபூ ஷம்லானுக்கு உறைத்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் மந்திரிகளுக்கு ஓட்டுக் கிடையாது. எத்தனை வருஷமாக அவரே தட்டித் தட்டிச் சொன்ன விதி! மூன்று மருமகன் கையும் கட்டப்பட்டுவிட்டது. ஓட்டெடுப்புக்கு முழுசாக ஏழு நாள் கழிய வேண்டும் என்று சொல்லி இன்னொரு வியாழனைத் தாண்டினார். ஜனவரி மூன்றாம் தேதி வியாழன் வந்தே விட்டது.

ஹமூத் எழுந்தான். தொண்டையைச் செருமினான். "ஆகவே, இந்தக் கூடத்தோட மானத்தைக் காப்பாத்த..." என்று ஆரம்பித்தான்.

அபூ ஷம்லான் அங்கிக்குள் கை விட்டு ஒரு காகிதத்தை உருவினார். "ஒத்துழைப்பு இல்லாத காரணத்தால் சபை கலைக்கப்படுகிறது" என்று வாசித்தார். விளக்கை அணைத்தார்.

எழுபத்தாறுக்கும் எண்பத்தாறுக்கும் முப்பது வருஷம் எங்கள் காதில் பெருமூச்சு விட்ட அதே மனிதர்! இருட்டில் செருப்புத் தேடி, ஆளுக்கு ஒரு ஜோடி என்ற கணக்கில் யாருடையதையோ மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம். எனக்கு வாய்த்த ஜோடியில் இரண்டுமே இடது கால்.

அடுத்த வியாழன் அந்தப் பக்கம் போகவில்லை. ரோஷம். எதிர்த்தெருத் திவானியாவுக்குப் போனோம். அங்கே ஒரு பெரிய டிவி, அதில் பந்தாட்டம், எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். யாரும் கை தூக்கிப் பேசவில்லை. ஒருவருக்கும் எண்பத்தொன்றில் எத்தனை தொகுதி என்று தெரியவில்லை. நான் சும்மா ஒரு பேச்சுக்கு, "இருபத்தஞ்சு" என்று சொன்னேன். "எந்த டீமுக்கு?" என்று கேட்டார்கள். எனக்கு வாய் கசந்தது.

அபூ ஷம்லான் பாடு இன்னும் மோசம். வியாழன் மாலை விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். தெருவில் கார் சத்தம் கேட்டால் தலைத்துணியைச் சரி செய்துகொள்வார். கார் தாண்டிப் போகும். முதல் வியாழன் சமையல்காரர் கரீமைக் கூப்பிட்டு உட்கார வைத்து எழுபத்தாறை விளக்கினார். இரண்டாம் வியாழன் எண்பத்தாறு. மூன்றாம் வியாழன், ஊரில் இல்லாத ஒரு சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கரீம் லீவு கேட்டார். நான் ஒரு நாள் அந்த வழியாக மெல்ல வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். ஜன்னலில் அவர் ஒருவரே பதினெட்டு மெத்தைக்கு நடுவில் இருந்தார். பாவமாக இருந்தது. இறங்கலாம் என்றுதான் நினைத்தேன். கலைக்கப்பட்ட உறுப்பினர் எந்த முகத்தோடு இறங்குவது?

கூடத்தில் ஆள் இல்லாமல் போனதும் மனிதர் வீட்டுக்குள் சபை நடத்தத் தொடங்கினார். பருப்பு வேண்டுமா கறி வேண்டுமா என்பதற்கு இரண்டு கட்ட வாசிப்பு. வெங்காயம் பற்றிக் குழு. ஏழாவது வியாழனுக்கு அடுத்த நாள் சபீக்கா தம்பிக்குப் போன் போட்டாள். நான் அப்போது ஹமூதின் படகில்தான் இருந்தேன். அவள் குரல் கடல் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"ஹமூத், அந்த ஆளைக் கூட்டிட்டுப் போய்த் தொலைங்கடா. காலையில பல்லு விளக்கப் போறேன், 'வாய்தா கேக்குறியா'ன்னு கேக்குறாரு!"

"அவருதானே அக்கா கலைச்சாரு? நாங்களா போய்க் கால்ல விழுவோம்?"

"யாருடா கால்ல விழச் சொன்னது? அந்த நீலப் புத்தகத்தை நீங்க யாராவது படிச்சிருக்கீங்களா? அவரு துவைக்கப் போடற அங்கியில கிடந்துது. நான் படிச்சேன். நூத்தியேழாவது விதி. கலைச்ச ரெண்டு மாசத்துக்குள்ள தேர்தல் வைக்கணும். வைக்கலைன்னா பழைய சபை முழு அதிகாரத்தோட திரும்பி வந்துடும், கலைப்பே நடக்காத மாதிரி. உங்க மச்சான் தேர்தல் வச்சாரா?"

ஹமூத் வலையை அப்படியே கீழே விட்டான். "அக்கா, நீ தேர்தல்ல நின்னிருக்கலாம்."

"நின்னா உங்க மச்சானை விட நாலு ஓட்டு ஜாஸ்தி விழும். வாங்கடா."

எட்டாவது வியாழனும் காலியாகப் போனது. எங்களைப் பொறுத்தவரை சட்டம் சட்டம்தான், ஒரு நாள் முந்திப் போனாலும் அத்துமீறல். மார்ச் மூன்று, ஞாயிற்றுக்கிழமை, சூரியன் மேற்கே விழுந்தது. சூரியன் விழுந்தால் எங்களுக்கு அந்த நாள் தீர்ந்தது. ஏழெட்டு வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக அந்தத் தெருவில் திரும்பின.

அபூ ஷம்லான் ஞாயிற்றுக்கிழமை யாரை எதிர்பார்ப்பார்? தலையில் துணி இல்லாமல், வழுக்கை மின்ன, வீட்டுப் பனியனோடு, மெத்தைகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். எட்டு வாரமாக யாரும் உட்காராத மெத்தைகளை. நாங்கள் பதினெட்டுப் பேரும் ஸலாம் சொல்லி உள்ளே வந்து, அவரவர் பழைய இடத்தில், பழைய வரிசையில் உட்கார்ந்தோம். மருமகன்கள் உள்பட. அவர் கையில் தட்டுகிற குச்சியோடு அப்படியே நின்றார்.

ஹமூத் எழுந்து தொண்டையைச் செருமினான். இரண்டு மாதத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து எடுத்தான்.

"...இந்த மீனைப் பத்தின உண்மையை மந்திரி சொல்லணும், இல்ல பதவி விலகணும்னு கேட்டுக்கிறேன்."

அபூ ஷம்லானுக்குக் கண் கலங்கியது. அது நிஜம். பதினெட்டு மெத்தையும் நிறைந்திருப்பதை ஒரு சுற்றுப் பார்த்தார். நாங்களும் இளகினோம், இதோ கட்டிக்கொள்ளப் போகிறார் என்று ஹமூத் கூட ஓர் அடி முன்னால் வைத்தான். ஆனால் சபைச் சரித்திரக்காரர் ரத்தம் சும்மா இருக்குமா? கை தானாகவே காகிதம் தேடி மார்புக்குப் போனது. பனியனில் ஏது பை? பக்கத்திலிருந்த நாப்கினை எடுத்துக்கொண்டார்.

"ஒத்துழைப்பு இல்லாத காரணத்தால்..."

உள்கதவுக்குப் பின்னாலிருந்து சபீக்காவின் குரல் வந்தது. "அதே காரணத்துக்கு ரெண்டாவது தடவை கலைக்க முடியாதுங்க. அதே விதி, அடுத்த வரி."

மனிதர் நாப்கினை மடித்தார். உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக எழுபத்தாறைச் சொல்லாமல் ஒரு பதில் சொன்னார்.

"தூங்கிட்டேன்பா. ஏலம் முடிஞ்சுபோச்சு. பெட்டி மீனுதான்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மச்சான்?"

"சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்கன்னு பயமா இருந்துது."

இருந்தும் ஓட்டெடுப்பு நடந்தது, விதி அப்படி. தீர்மானத்துக்கு ஆதரவாகப் பதினைந்து, எதிராக யாரும் இல்லை, மருமகன்கள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். மீன் இலாகா ஹமூதுக்குப் போனது. மற்றபடி கூடமும் தலைமையும் அவருக்கே. அடுத்த வியாழன் ஹமூதின் படகில் வந்த சுபைதி, முள் வரைக்கும் எங்கள் ஊர், தின்று முடித்தோம். கை கழுவி வந்து பார்த்தால் அபூ ஷம்லான் நாப்கினில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"மீன் மந்திரிக்கு நோட்டீஸ்" என்றார். "உப்பு ஏன் கம்மி? எட்டு நாள் கழிச்சு விவாதம்."

"எட்டு நாள்னா வெள்ளிக்கிழமை மச்சான்."

"அப்ப பதினாலு நாள். எல்லாரும் வந்துடணும். ஒருத்தர் விடாம."

சிரிக்கிறீர்கள். குவைத்தில் ஏதோ ஒரு கிறுக்கு மனிதர் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு நிமிஷம். சாப்பிடும்போது பிள்ளை ஏதோ கேட்டதற்கு, "பேசினது போதும், எழுந்து போய்ப் படிங்க" என்று நீங்கள் பந்தியைக் கலைத்ததில்லையா? குடும்ப வாட்ஸப் குழுவில் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டதும், அட்மின் என்ற ஹோதாவில், "இனி நான் மட்டுமே பதிவிட முடியும்" என்று பூட்டியதில்லையா? காரணம் என்ன எழுதினீர்கள்? ஒத்துழைப்பு இல்லை என்றுதானே? அன்றைய தேதியைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். இரண்டு மாதம் முடிகிற அன்று சாயங்காலம், வெறும் பனியனோடு வீட்டில் இருக்காதீர்கள்.